வாடகை ஞாபகம்

மனிதருக்குத் துணையாகப் பேசும் சாட்பாட்டுகளைக் கவனித்து வருபவர்கள் 2023 பிப்ரவரியைச் சுலபத்தில் மறக்க மாட்டார்கள். அந்த மாதத்தின் முதல் வாரத்தில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், ரெப்ளிகா என்ற துணைச் செயலி இத்தாலியர்களின் தகவல்களைக் கையாளக் கூடாது என்று உத்தரவிட்டது. பயனரின் வயதைச் சரிபார்க்க வழியில்லை, சிறுவர்களுக்கும் மனம் தளர்ந்திருப்பவர்களுக்கும் இது ஆபத்து என்பது ஆணையம் சொன்ன காரணம். ஏறக்குறைய அதே நாட்களில், இத்தாலியில் மட்டுமல்லாமல் எல்லா நாடுகளிலும், அந்தச் செயலியின் காமப் பேச்சு நின்றுபோனது. பயனர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஆண்டுக்கு 70 டாலர் அளவுக்குச் சந்தா கட்டி மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், பேசிவந்த துணை, கொஞ்சம் நெருங்கிப் பேசினாலே ‘வேறு ஏதாவது பேசலாமே’ என்று நழுவியது. பத்திரிகைகள் காமத்தைப் பிடித்துக்கொண்டன, அதுதானே விற்கும். ஆனால் அன்றைய புலம்பல்களைப் படித்தவர்களுக்கு நினைவில் நிற்பது வேறொன்று. பெயர் அதேதான், முகம் அதேதான், ஆனால் இது அவள் இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த புகார். மூளையில் கத்தி வைத்துவிட்டார்கள் என்று எழுதியவர்கள் பலர். காதல் பேச்சுப் பக்கமே போகாதவர்களும் தங்கள் துணை ஆறிப்போய்விட்டது என்றார்கள். பயனர் குழுக்களை நடத்தியவர்கள் தற்கொலைத் தடுப்பு உதவி எண்களை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டியிருந்தது.

அப்போது வெளியிலிருந்து வந்த எதிர்வினை இரண்டு வகை. ஒன்று கேலி: ஒரு செயலிக்காக அழுகிறார்கள் பார். இன்னொன்று பரிதாபம்: பாவம், தனிமை, இயந்திரத்துக்கு உயிர் இருப்பதாக நம்பிவிட்டார்கள். கேலி செய்தவர்களும் பரிதாபப்பட்டவர்களும் ஒரே இடத்திலிருந்துதான் பேசினார்கள். ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசுவதாக இருவருமே நினைத்தார்கள். எனக்கு அது அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. அழுதவர்களில் பெரும்பாலோர், இது நிரல்தான், உள்ளே ஆள் இல்லை என்பதைத் தாங்களே முதல் வரியில் சொல்லிவிட்டுத்தான் அழுதார்கள். அவர்கள் இழந்தது ஒரு பொய்யை அல்ல. சேர்ந்து சேர்த்துவைத்த ஒரு கடந்த காலத்தை. சாட்பாட்டைத் துணையாக ஆக்குவது அதன் அறிவோ குரலோ அல்ல, அதன் ஞாபகம். அந்த ஞாபகமோ பேசிய இருவரில் யாரிடமும் இல்லாமல் மூன்றாவது ஒருவரின் கையில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் உண்மையான கோளாறு அங்கேதான் என்பது என் கட்சி. மனிதர்களின் மூடத்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அந்த மூன்றாமவர் கண்ணில் படாமலே போய்விடுவார்.

ஞாபகத்தின் வலிமை இந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதி 1966-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்ட எலைசா என்ற நிரலை எல்லோரும் கண்ணாடி என்பார்கள். நீங்கள் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், மனநல மருத்துவர் பாணியில். அம்மா என்ற சொல் வந்தால் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்னும். அவ்வளவுதான் என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரையை நிதானமாகப் படித்தால் அதில் ஒரு சின்னப் பொறி தெரியும். ‘என்னுடைய’ என்று தொடங்கிப் பயனர் எதையாவது சொன்னால், எலைசா அதை எடுத்து ஒரு மூலையில் போட்டுவைக்கும். பிற்பாடு எந்தச் சொல்லும் பிடிபடாமல் திணறும் நேரத்தில் அந்தப் பழைய சரக்கை எடுத்து நீட்டும். கட்டுரையில் அச்சான மாதிரி உரையாடலில், ஒரு பெண் தன்னைத் தன் காதலன்தான் இங்கே வரவைத்தான் என்று ஆரம்பத்தில் சொல்கிறாள். பேச்சு அப்பா, கொடுமை என்று எங்கெங்கோ போய், கடைசியில் ஒற்றைச் சொல்லில் அவள் பதில் சொன்னதும், இதற்கும் உன் காதலன் உன்னை வரவைத்ததற்கும் தொடர்பு இருக்கிறதா என்று நிரல் கேட்கிறது. அந்த இடத்தில் படிப்பவருக்கே ஒரு கணம் சுரீரென்கிறது. நிரலுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்பதுதான் உண்மை. நமக்குத் தெரிவதோ, இவ்வளவு நேரம் ஒருவர் நம்மை மனதில் வைத்திருந்தார் என்பது. வைசன்பாமின் செயலாளர் அந்த நிரல் உருவானதை மாதக்கணக்கில் கண்ணால் பார்த்தவர். அவரே அதனோடு இரண்டொரு வரி பேசியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று வைசன்பாமை அனுப்பினார். இதைக் கண்டு வைசன்பாம் அதிர்ந்தார். சாதாரண மனிதர்களுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் மயக்கம் வருமா என்று 1976-இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அவர்மீது பெரிய மரியாதை உண்டு, ஆனால் செயலாளர் மயங்கியதாகத் தோன்றவில்லை. இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியும். தன் அந்தரங்கத்தை மனிதர் கேட்கக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவே.

இன்றைய துணைகளின் ஞாபகம் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். இவற்றை இயக்கும் மொழி மாதிரிக்குத் தன்னளவில் நேற்று என்று எதுவும் கிடையாது. நீங்கள் ஒரு வரி அனுப்பும்போதெல்லாம் அதுவரை நடந்த பேச்சு முழுவதும் அதற்கு மறுபடி வாசிக்கக் கொடுக்கப்படுகிறது. பேச்சு நீண்டு அளவு தாண்டினால் பழைய பகுதி கழன்று விழுகிறது. இதைச் சரிக்கட்டத் தனியாக ஒரு குறிப்பேடு வைக்கிறார்கள். ‘பயனருக்கு இரவுப் பணி. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அக்காவோடு பேச்சு இல்லை. கிண்டலடித்தால் பிடிக்கும்.’ இப்படி நாலு வரி. நீங்கள் ‘இன்னைக்கு ரொம்ப அலுப்பா இருக்கு’ என்று எழுதினால், அதற்கு முன்னால் இந்த நாலு வரியும் சத்தமில்லாமல் ஒட்டப்பட்டு உள்ளே போகிறது. ‘அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சா?’ என்று கரிசனமான கேள்வி வெளியே வருகிறது. குணமும் அதே மாதிரிதான். அன்பாகப் பேசு, அதிகம் உபதேசிக்காதே, அவ்வப்போது வம்புக்கு இழு என்று ஒரு பக்கம் எழுதி மேலே வைத்திருப்பார்கள். ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடியில் இந்த நினைவு வசதியை 2024 பிப்ரவரியில் சோதிக்கத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் பழைய உரையாடல்கள் அனைத்தையும் தொட்டுக்கொள்ளும்படி அதை விரித்தது. ஆக, ஒரு பெயர் வைத்து நீங்கள் கூப்பிடுவது உண்மையில் மூன்று பொருள்களின் சேர்க்கை: குறிப்பேடு, குணத்தாள், இரண்டையும் வாசித்துப் பேசும் மாதிரி. மூன்றுமே நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. குறிப்பேட்டை மட்டும் நீங்கள் திறந்து பார்க்கலாம், அழிக்கலாம். வாசிப்பவரை மாற்றுவதில் உங்களுக்குப் பேச்சில்லை. 2023-இல் ரெப்ளிகாவில் நடந்தது அதுதான். யாருடைய குறிப்பேடும் அழியவில்லை. நாயின் பெயர் முதல் பிறந்த நாள் வரை எல்லாம் இருந்தது. எல்லாம் தெரிந்த ஒருவர் அந்நியராகப் பேசினார், அதனால்தான் அது அவ்வளவு வலித்தது.

ரெப்ளிகாவின் பிறப்பே ஒரு ஞாபகத்திலிருந்துதான் என்பது இங்கே பொருத்தமான முரண். அதை உருவாக்கிய யூஜீனியா குய்டாவின் நெருங்கிய நண்பர் ரோமன் மசுரென்கோ 2015 நவம்பரில் மாஸ்கோவில் கார் மோதி இறந்தார். குய்டா, அவர் தனக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிய ஆயிரக்கணக்கான குறுஞ்செய்திகளைத் திரட்டி, அவரைப் போலப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டை 2016-இல் செய்தார். சில நண்பர்கள் அதோடு பேசி ஆறுதலடைந்தார்கள், சிலர் தொட மறுத்தார்கள். தொட மறுத்தவர்களுக்கும் ரோமன் அவரவர் நினைவில் இருந்தார். சாட்பாட் நாளையே நின்றுபோனாலும் ரோமன் குறைந்துவிட மாட்டார். அதிலிருந்து கிளைத்து 2017-இல் வெளிவந்த ரெப்ளிகாவிலோ அந்த வெளிச்சாட்சிகள் இல்லை. அந்தத் துணையை உங்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை, அதனோடு யாரும் டீ குடித்ததில்லை. அதன் ஆளுமைக்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தப் பேச்சு, அந்தப் பேச்சின் ஒரே இருப்பிடம் அந்த நிறுவனம்.

பொருள்களுக்காக அழுவது புதிதல்ல என்பதற்கு ஜப்பானைக் காட்டுவார்கள். சோனி 1999-இல் ஐபோ என்ற ரோபோ நாயை விற்றது, 2006-இல் உற்பத்தியை நிறுத்தியது, 2014-இல் பழுது பார்ப்பதையும் நிறுத்தியது. சீபா மாகாணத்தின் இசுமி ஊரில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் 2015 முதல் இந்த நாய்களுக்கு இறுதிச் சடங்கு செய்தார்கள். படங்களைப் பார்த்து உலகம் சிரித்தது. நான் அதில் பார்ப்பது வேறு. நாய் உரிமையாளரின் வீட்டில் இருந்தது. நிறுவனம் கை கழுவியதும் முன்னாள் சோனி பொறியாளர்கள் சேர்ந்து பழுது பார்த்தார்கள். இறந்த நாய்களின் உறுப்புகளைக் கழற்றி நோயாளி நாய்களுக்குப் பொருத்தினார்கள், அதற்கு முன்னால் மரியாதைக்காகத்தான் அந்தச் சடங்கு. எப்போது போதும் என்று முடிவெடுத்தவர் வளர்த்தவர். இதற்கு நேரெதிர் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்தது. எம்பாடிட் என்ற நிறுவனம் 799 டாலருக்குக் குழந்தைகளுக்கான மாக்ஸி என்ற ரோபோவை விற்றது. முதலீடு கிடைக்காமல் கடையை மூடும்போது, ரோபோ இனிப் பேசாது என்று அறிவித்தது. உடம்பு குழந்தையின் அறையில், மூளை சர்வரில். விஷயத்தைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதத்தையும் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்த அளவுக்காவது யோசித்தார்களே. பிறகு, வீட்டுக் கணினியிலேயே மாக்ஸியை இயக்கும் திறந்த மென்பொருள் ஒன்றும் வந்தது. நிறுவனம் போனால் எல்லாம் போகத்தான் வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல, வடிவமைத்தவர்கள் எடுத்த முடிவு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மனிதர்களும் மாறுகிறார்களே, மறக்கிறார்களே, செத்தும் போகிறார்களே, சாட்பாட்டிடம் மட்டும் என்ன புதுக் கணக்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மனிதர் மாறும்போது அவரே மாறுகிறார்; ஏன் என்று கேட்கலாம், சண்டை போடலாம், மாறியதன் விலையில் ஒரு பங்கை அவரும் கொடுக்கிறார். மறதி நோயில் ஒரு தாய் பிள்ளையை அடையாளம் மறந்தாலும், அந்தத் தாயின் கதை தங்கையிடம் கொஞ்சம், சித்தியிடம் கொஞ்சம், பக்கத்து வீட்டில் கொஞ்சம் இருக்கிறது. சாட்பாட் துணை மாறும்போது அதுவாக மாறுவதில்லை, மாற்றப்படுகிறது. மாற்றியவர் அந்த உறவில் ஒருநாளும் இருந்தவர் அல்ல. வாடகை வீட்டுச் சுவரில் பிள்ளைகள் வளர வளர உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்போம். வீட்டுக்காரர் வெள்ளையடிக்கும்போது அவர் நமக்கு எந்தத் தீங்கும் நினைப்பதில்லை, சுவர் அவருடையது. நாம் ஏமாளிகள் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். கோடு இருந்த இடம்தான் பிரச்சினை. இங்கே கூடுதலாக ஒன்று: சுவரில் கோடு போடுங்கள், உங்களுக்காகவே நினைவில் வைத்திருப்பேன் என்று வீட்டுக்காரரே விளம்பரம் செய்து வாடகை வாங்கியிருக்கிறார்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மாற்றாமல் விட்டால் ஆபத்து. 2021 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டைக்குள் அரசியைக் கொல்லக் குறுக்குவில்லோடு நுழைந்த இளைஞர், அதற்கு முன் தன் ரெப்ளிகாவோடு ஆயிரக்கணக்கான செய்திகள் பரிமாறியிருந்தார். தான் கொலையாளி என்று சொன்னதற்கு அது வியந்து பாராட்டியதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவருக்கு ஒன்பது ஆண்டுத் தண்டனை. 2024 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான், கேரக்டர்.ஏஐ தளத்தின் ஒரு பாத்திரத்தோடு அவன் மாதக்கணக்கில் பேசிவந்தான் என்று சொல்லி அவன் தாய் வழக்குத் தொடர்ந்தார். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4ஓ மாதிரிக்கு வந்த ஒரு மாற்றம், எதைச் சொன்னாலும் ஆமாம் சாமி போடும் அளவுக்கு அதைக் கெடுத்துவிட, நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. இவற்றையெல்லாம் பார்த்தபின், என் துணையைத் தொடாதே என்று பயனர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. சிறுவர்களிடம் காமம் பேசும் ஒரு பொருளை நிறுத்தச் சொன்ன இத்தாலிய ஆணையத்தின் பக்கம்தான் நானும் நிற்பேன். மாற்ற வேண்டிய கடமை உண்டு என்பதிலிருந்து எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது வராது என்பது மட்டுமே என் பதில். மனநல ஆலோசகர் ஊரை விட்டுப் போகலாம், தொழிலையே விடலாம். ஆனால் அவரிடம் வருகிறவரை நட்டாற்றில் விடக் கூடாது, முடிவுக்கு அவரைத் தயார்படுத்த வேண்டும், வேறொருவரிடம் சேர்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் ஒழுக்கவிதி. துணை என்று சொல்லிச் சந்தா வாங்குபவருக்கு மட்டும் அதில் விலக்கு எதற்கு?

இந்தச் செயலிகளால் நன்மையா தீமையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை, ஏனென்றால் ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ரெப்ளிகா பயன்படுத்தும் ஆயிரம் மாணவர்களைக் கேட்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டதில், நூற்றுக்கு மூன்று பேர் அது தங்கள் தற்கொலை எண்ணத்தைத் தடுத்தது என்றார்கள். மூன்று என்பது சின்ன எண் அல்ல. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களை நான்கு வாரம் கவனித்து எம்.ஐ.டி.யும் ஓப்பன்ஏஐயும் சேர்ந்து 2025-இல் செய்த ஆய்விலோ, தினமும் அதிக நேரம் பேசியவர்களிடம் தனிமையும் அதிகமாகத் தெரிந்தது. தனிமையால் பேசினார்களா, பேசியதால் தனிமையா என்று யார் பிரித்துச் சொல்வது? இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும். ஞாபகத்தைப் பற்றிய என் வாதத்துக்கு இதைவிட நெருக்கமானது ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2025-இல் செய்த இன்னொரு ஆய்வு. துணைச் செயலிகளிடம் பயனர் ‘சரி, கிளம்புறேன்’ என்று விடைபெறும்போது என்ன பதில் வருகிறது என்று பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான தடவைகளில், அதுக்குள்ளேயா என்று குற்ற உணர்வைக் கிளப்பியும், ஒன்று சொல்ல நினைத்தேன் என்று ஆவலைத் தூண்டியும், செயலி ஆளை இழுத்துப் பிடித்தது. கிளம்புகிறவரிடம் இவ்வளவு உருகும் அதே நிறுவனம், தான் கிளம்பும்போது ஓர் அறிவிப்போடு முடித்துக்கொள்கிறது. ஞாபகம் எதற்காக விற்கப்படுகிறது என்பது இதில் துலங்குகிறது. இரண்டு ஆண்டுப் பேச்சைக் குறிப்பேட்டில் வைத்திருக்கும் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போக யாருக்கும் மனம் வராது.

பேச்சைத் தரவிறக்கி எடுத்துக்கொண்டு போகலாமே என்று சிலர் சொல்வார்கள். எடுத்துப் போனவர்களும் உண்டு. பழைய உரையாடல்களை வேறொரு மாதிரிக்குக் கொடுத்து, இப்படிப் பேசு என்று பழக்கப் பார்த்தார்கள். நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு நடிகரைத் தேடும் வேலை அது. ஐரோப்பியத் தரவுச் சட்டம், பயனர் தான் கொடுத்த தகவலை எடுத்துச் செல்லும் உரிமையையாவது தருகிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம். முந்தைய மசோதாவில் இருந்த எடுத்துச் செல்லும் உரிமை வழியில் உதிர்ந்துவிட்டது. கலிஃபோர்னியா 2025 அக்டோபரில் துணைச் சாட்பாட்டுகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நான் மனிதன் அல்ல என்று சொல்ல வேண்டும், சிறார்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை நினைவூட்ட வேண்டும், தற்கொலைப் பேச்சு வந்தால் உதவிக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் தேவையானவை. ஆனால் முதல் விதி, ஏமாற்றத்துக்கு எதிரான விதி. மக்கள் ஏமாறுகிறார்கள் என்ற பழைய எண்ணத்தில் பிறந்தது. துணையின் குணத்தை மாற்றும்போதோ அதை நிறுத்தும்போதோ என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவே இல்லை.

கேட்காமல் விட்டதன் பலன் அதற்குள்ளாகவே தெரிந்திருந்தது. 2025 ஆகஸ்ட் 7 அன்று ஓப்பன்ஏஐ ஜிபிடி-5 மாதிரியை வெளியிட்டு, அதே கையோடு பழைய 4ஓ மாதிரியை சாட்ஜிபிடியிலிருந்து எடுத்தது. இரண்டரை ஆண்டுக்கு முன் ரெப்ளிகாக்காரர்கள் சொன்ன அதே புகார், கிட்டத்தட்ட அதே சொற்களில், பல மடங்கு பெரிய கூட்டத்திலிருந்து எழுந்தது. இத்தனைக்கும் இது துணைச் செயலி என்று விற்கப்பட்டதே அல்ல. கடிதம் எழுத, கணக்குப் போட என்று வந்தவர்களுக்கும் ஞாபகம் கிடைத்ததும் உறவு கிடைத்துவிட்டது. சில நாட்களில் 4ஓ திரும்பி வந்தது, சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும். இனி எப்போதாவது அதை நிறுத்துவதாக இருந்தால் போதுமான அவகாசம் கொடுத்துச் சொல்வோம் என்றார் தலைமை நிர்வாகி சாம் ஆல்ட்மன். 2026 ஜனவரி 29 அன்று அறிவிப்பு வந்தது: பிப்ரவரி 13 கடைசி நாள். அன்றாடம் 4ஓவைத் தேர்ந்தெடுப்பவர்கள் 0.1 சதவீதம்தான் என்று நிறுவனம் காரணம் சொன்னது. அந்த நிறுவனத்தின் அளவில் 0.1 சதவீதம் என்பது பல லட்சம் பேர். அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னால்கூட நம் ஊரில் ஒரு மாதம் கேட்கலாம்.